முக்கோணவியல் கணக்குகளுக்கு எந்த ஸ்லைடு ரூல்?

அசையாத சட்டத்துக்கு நடுவே ஒரு பட்டையை நகர்த்தி, மடக்கை அளவில் பொறித்த ஸ்கேல்களைப் பொருத்திப் பெருக்கவும் வகுக்கவும் உதவிய, கணிப்பானுக்கு முந்தைய கருவி ஸ்லைடு ரூல். பழைய ஸ்லைடு ரூல்களை விற்பவர்கள் படத்துக்குக் கீழே முதலில் எழுதுவது அதில் எத்தனை ஸ்கேல்கள் இருக்கின்றன என்பதைத்தான். 12, 20, 30 என்று எண்ணிக்கை ஏற ஏற விலையும் ஏறிக்கொண்டே போகும். முக்கோணவியல் கணக்குகளுக்காக வாங்குபவருக்கு அந்த எண்ணிக்கையால் பெரிய பயன் இல்லை. சைன் ஸ்கேலின் இடது முனையில் என்ன எண் பொறிக்கப்பட்டிருக்கிறது, அந்த ஸ்கேல் நகரும் பட்டையில் இருக்கிறதா அசையாத சட்டத்தில் இருக்கிறதா, கோணம் எந்த அலகில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால், 12 ஸ்கேல் உள்ள எளிய ரூல் ஒன்று 30 ஸ்கேல் உள்ளதைவிடத் தன் வேலைக்கு ஏற்றது என்று தெரிய வரலாம்.

இன்று வாங்கப்படும் ஸ்லைடு ரூல்களில் பெரும்பாலானவை வேறொருவர் பயன்படுத்தி முடித்தவையே. சைன், கொசைன், டேஞ்சன்ட் ஒவ்வொன்றையும் ஒரு பொத்தானில் தந்த எச்.பி.-35 என்ற சட்டைப்பைக் கணிப்பான் 1972இல் 395 டாலருக்கு வந்த பிறகு, சில ஆண்டுகளிலேயே ஸ்லைடு ரூல் தொழில் ஏறக்குறைய நின்றுபோயிற்று. ஆகவே கைக்கு வருவது அநேகமாக 50 ஆண்டுகளுக்கு மேல் வயதுள்ள கருவியாகவே இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும் ஸ்கேல்களைத் தமிழில் எழுதும்போது, சட்டத்தின் அடிப்படை ஸ்கேலும் டேஞ்சன்ட் ஸ்கேலும் இரண்டுமே ‘டி’ ஆகிவிடுகின்றன. இக்கட்டுரையில் ‘டி’ என்பது சட்டத்தில் இருக்கும் அடிப்படை ஸ்கேலை மட்டுமே குறிக்கும். அதற்கு இணையாக நகரும் நடுப்பட்டையில் இருப்பது ‘சி’. மற்றவை சைன் ஸ்கேல், டேஞ்சன்ட் ஸ்கேல் என்று முழுப் பெயரோடு வரும்.

முக்கோணவியல் ஸ்கேல்கள் பிற்காலத்தில் ஒட்டவைத்த அலங்காரம் அல்ல. நேப்பியர் மடக்கைகளை வெளியிட்டது 1614இல். அடுத்த சில ஆண்டுகளிலேயே எட்மண்ட் கண்டர் ஒரு கோலின் மேல் எண்களின் மடக்கையோடு சைன், டேஞ்சன்ட் ஆகியவற்றின் மடக்கைகளையும் கோடுகளாகப் பொறித்துவிட்டார். மாலுமிகள் கவராயத்தால் அவற்றை அளந்து கணக்கிட்டார்கள். அத்தகைய இரண்டு ஸ்கேல்களை ஒன்றோடொன்று உரச வைத்துக் கவராயத்தை வேண்டாததாக்கியவர் வில்லியம் ஓட்ரெட்.

இப்போது இடது முனைக்கு வருவோம். 1850களில் பிரெஞ்சு பீரங்கிப் படை அதிகாரி மன்ஹைம் வகுத்த அமைப்பிலும், அதைப் பின்பற்றிய பல மலிவான மாணவர் ரூல்களிலும், சைன் ஸ்கேல் மேலே உள்ள ‘ஏ’ ஸ்கேலோடு, அதாவது வர்க்க ஸ்கேலோடு, இணைந்து வேலை செய்கிறது. ‘ஏ’ ஸ்கேலில் ஒரே நீளத்துக்குள் இரண்டு தசம அடுக்குகள் அடங்கியிருப்பதால் சைனின் மதிப்பு 0.01 முதல் 1 வரை ஒரே வரியில் வந்துவிடும். ஸ்கேல் ஏறக்குறைய 34 நிமிடத்தில் (ஒரு பாகைக்கு 60 நிமிடம்) தொடங்கி 90 பாகையில் முடியும். பிற்கால ரூல்களில் சைன் ஸ்கேல் ‘டி’யோடு இணைகிறது. அது ஏறக்குறைய 5.74 பாகையில், அதாவது 5 பாகை 44 நிமிடத்தில், தொடங்குகிறது. அதற்கும் கீழான கோணங்களுக்குச் சைன், டேஞ்சன்ட் இரண்டுக்கும் பொதுவாகத் தனியொரு சிறுகோண ஸ்கேல் இருக்கும். படத்தைப் பெரிதாக்கி இடது முனையில் உள்ள எண்ணைப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும்.

முதல் வகை வசதியானதாகத் தோன்றலாம். உண்மையில் அதில் இரண்டு இழப்புகள் உண்டு. 25 செ.மீ. ரூலில் ‘டி’யோடு இணைந்த சைன் ஸ்கேலில் 70 பாகை முதல் 90 பாகை வரையிலான பகுதிக்குக் கிடைக்கும் இடமே ஏறக்குறைய 6.8 மி.மீ.தான், ‘ஏ’யோடு இணைந்ததில் அதுவும் பாதியாகி 3.4 மி.மீ. ஆகிவிடுகிறது. இதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. டேஞ்சன்ட் ஸ்கேல் ‘டி’யோடும் சைன் ஸ்கேல் ‘ஏ’யோடும் இணைந்திருந்தால் இரண்டையும் ஒரே கணக்கில் தொடர்ச்சியாகப் பயன்படுத்த முடியாது, இடையில் ஒரு மதிப்பைப் படித்து, நினைவில் வைத்து, வேறொரு ஸ்கேலில் மறுபடி பொருத்த வேண்டியிருக்கும்.

ஒரு செங்கோண முக்கோணத்தைக் கொண்டு இதைப் பார்க்கலாம். செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 3, 4. சைன், டேஞ்சன்ட் இரண்டும் நடுப்பட்டையிலேயே இருந்து, இரண்டும் ‘டி’யோடு இணையும் ரூலில், நடுப்பட்டையின் வலது முனைக்கோட்டை ‘டி’யில் 4க்கு நேரே நிறுத்துகிறேன். கர்சரின், அதாவது ரூலின் மேல் நகரும் கண்ணாடித் துண்டின், மயிர்க்கோட்டை ‘டி’யில் 3க்குக் கொண்டுபோனால் டேஞ்சன்ட் ஸ்கேலில் 36.9 பாகை என்று காட்டுகிறது. கர்சரைத் தொடாமல் நடுப்பட்டையை மட்டும் நகர்த்திச் சைன் ஸ்கேலின் 36.9ஐ அதே மயிர்க்கோட்டுக்கு அடியில் கொண்டுவந்தால், வலது முனைக்கோடு ‘டி’யில் 5ல் நிற்கிறது. கர்ணம் கிடைத்துவிட்டது, வர்க்கமும் எடுக்கவில்லை, வர்க்கமூலமும் எடுக்கவில்லை. மின்பொறியாளர்கள் மாறுதிசை மின்சுற்றுகளில் மின்மறுப்பைச் செவ்வக வடிவத்திலிருந்து கோண வடிவத்துக்கு மாற்றியது இந்த இரண்டு அசைவுகளால்தான். சைன் ஸ்கேல் ‘ஏ’யோடு இணைந்த ரூலில் இரண்டாவது அசைவு பிழையான விடையைத் தரும். முக்கோணவியலுக்காகவே வாங்குபவர் மன்ஹைம் வகையை, அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

நடுப்பட்டையா, சட்டமா என்ற இரண்டாவது கேள்வியில் இவ்வளவு திட்டவட்டமாகப் பேச முடியாது. அமெரிக்காவின் கெஃபல் அண்ட் எஸ்ஸர் 4081-3, ஜப்பானின் ஹெம்மி நிறுவனம் அமெரிக்க நிறுவனமான போஸ்ட்டுக்காக மூங்கிலில் செய்து கொடுத்த வெர்சலாக், அலுமினியத்தாலான பிக்கெட் ரூல்கள் போன்றவற்றில் சைனும் டேஞ்சன்ட்டும் நடுப்பட்டையில் இருக்கின்றன. ஜெர்மனியில், 1930களில் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பக் கல்லூரியின் ஆல்வின் வால்தர் வகுத்த அமைப்பிலும் அதன் வழிவந்த ஃபாபர்-காஸ்டெல் 2/83என், அரிஸ்டோ ஸ்டுடியோ போன்ற இருபக்க ரூல்களிலும் அவை அசையாத சட்டத்தில் இருக்கின்றன.

சைன் விதியை மட்டும் பயன்படுத்துபவருக்கு இரண்டும் ஒன்றுதான். 40, 65, 75 பாகைக் கோணங்களுள்ள முக்கோணத்தில் 40 பாகைக்கு எதிர்ப்பக்கம் 120 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுப்பட்டை வகையில் சைன் ஸ்கேலின் 40ஐ ‘டி’யின் 120க்கு நேரே நிறுத்தினால், 65க்கு நேரே 169, 75க்கு நேரே 180 என்று மற்ற இரண்டு பக்கங்களும் வந்துவிடும். 90க்கு நேரே தெரியும் 187, முக்கோணத்தின் மூன்று முனைகளையும் தொட்டுச் செல்லும் வட்டத்தின் விட்டம். அதை யாரும் கேட்காமலே ரூல் சொல்லிவிடுகிறது. சட்ட வகையில் ‘டி’க்குப் பதிலாக ‘சி’யில் 120ஐ எடுத்து சைன் ஸ்கேலின் 40க்கு நேரே நிறுத்தினால் அதே விடைகள் ‘சி’யில் வரும்.

வேறுபாடு வெளிப்படுவது ஒரே பெருக்கலில் இரண்டு கோணங்கள் வரும்போதுதான். நில அளவையில் சாய்தூரம் 84.5 மீட்டர், செங்குத்துக் கோணம் 12 பாகை, திசைக்கோணம் 37 பாகை என்றால், கிழக்கு நோக்கிய விலகலைக் காண 84.5ஐ 12இன் கொசைனாலும் 37இன் சைனாலும் பெருக்க வேண்டும். நடுப்பட்டை வகையில் முனைக்கோட்டை 84.5இல் நிறுத்தி, கர்சரைச் சைன் ஸ்கேலில் கொசைனுக்கான சிவப்பு எண்களில் உள்ள 12க்குக் கொண்டுபோய், முனைக்கோட்டை மறுபடி கர்சருக்கு இழுத்து, கர்சரைக் கறுப்பு 37க்கு நகர்த்தினால் 49.7 என்ற விடை ‘டி’யில் கிடைக்கும், நடுவில் எந்த எண்ணையும் படிக்க வேண்டியதில்லை. சட்ட வகையில் இரண்டு கோணங்களில் ஒன்றின் மதிப்பைப் படித்து, 0.602 என்று நினைவில் வைத்து, ‘சி’யில் மீண்டும் பொருத்தியாக வேண்டும். இப்படிப் படித்துப் பொருத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பிழை உள்ளே நுழைகிறது. நாளெல்லாம் இந்தக் கணக்கையே போட வேண்டியவர் நடுப்பட்டை வகையைத்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் டார்ம்ஸ்டாட் வழிவந்த ரூல்களில் ஓர் அருமையான ஸ்கேல் உண்டு. ‘டி’யில் உள்ள எண்ணின் வர்க்கத்தை 1இலிருந்து கழித்து, மீதியின் வர்க்கமூலத்தை நேரடியாகக் காட்டும் அதைப் பைதாகரஸ் ஸ்கேல் என்பார்கள். சைனை ‘டி’யில் வைத்தால் கொசைன் அதில் தெரியும். அதன் மதிப்பு புரிய வேண்டுமானால் சைன் ஸ்கேலின் நெரிசலான வலது முனையைப் பார்க்க வேண்டும். 80 முதல் 90 பாகை வரை 25 செ.மீ. ரூலில் உள்ள இடம் 1.7 மி.மீ.; அதற்குள் பத்துப் பாகைகள். 0.985 என்ற மதிப்பிலிருந்து 0.995 வரை ‘டி’யில் 1.1 மி.மீ.தான் இருக்கிறது. இதே இடைவெளி பைதாகரஸ் ஸ்கேலில் ஏறக்குறைய 60 மி.மீ. நீளத்துக்கு விரிந்து கிடக்கிறது. 80 பாகையின் சைன் வேண்டுமென்றால் 10 பாகையின் சைனில் மயிர்க்கோட்டை வைத்துப் பைதாகரஸ் ஸ்கேலைப் படித்தால் 0.9848 என்று நான்கு இலக்கம் கிடைக்கிறது. மற்ற ரூல்களில் மூன்றாவது இலக்கத்துக்கே கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும் இடம் இது. சைனுக்கும் கொசைனுக்கும் உள்ள உறவை மாணவர்களுக்குக் காட்ட விரும்பும் ஆசிரியருக்கு நான் ஜெர்மன் வகையைத்தான் சொல்வேன்.

கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய கணக்குகளில் நம்ப வேண்டியது டேஞ்சன்ட் ஸ்கேலைத்தான். பழகிய கை மயிர்க்கோட்டை 0.1 மி.மீ. பிசகில் நிறுத்தும் என்று கொண்டால், 25 செ.மீ. ரூலில் அது சுமார் 0.09 விழுக்காடு பிழை. இந்தப் பிழை சைன் ஸ்கேல் வழியாகக் கோணத்தில் எப்படி வெளிப்படும் என்று கணக்கிட்டால், 30 பாகையில் 2 நிமிடத்துக்கும் குறைவு. 70இல் கிட்டத்தட்ட 9 நிமிடம். 80இல் 18 நிமிடம். டேஞ்சன்ட் ஸ்கேல் வழியாக எந்தக் கோணத்திலும் 1.6 நிமிடத்துக்கு மேல் போவதில்லை. பக்கங்களிலிருந்து கோணத்தைக் காணும்போது, கர்ணம் கொடுக்கப்பட்டிருந்தாலும் முடிந்தால் மற்றொரு பக்கத்தைக் கண்டுபிடித்து டேஞ்சன்ட் வழியே போவது நல்லது.

டேஞ்சன்ட் ஸ்கேல் 45 பாகையில் முடிந்துவிடுவது புதியவர்களைத் தடுமாற வைக்கும். 60 பாகையின் டேஞ்சன்ட் வேண்டுமானால் 30 பாகையின் டேஞ்சன்ட்டுக்குத் தலைகீழியை எடுக்க வேண்டும். அதாவது 30இல் கர்சரை வைத்துத் தலைகீழ் ஸ்கேலில் 1.732 என்று படிக்க வேண்டும். அமெரிக்க ரூல்களில் 45க்கு மேற்பட்ட கோணங்கள் சிவப்பில் எழுதப்பட்டிருக்கும், தலைகீழ் ஸ்கேலும் சிவப்பில் இருக்கும். கறுப்புக்குக் கறுப்பு, சிவப்புக்குச் சிவப்பு என்று பிடித்துக்கொண்டால் பிழை வராது. 2/83என் போன்றவற்றில் 45க்கு மேலே தனியாக இரண்டாவது டேஞ்சன்ட் ஸ்கேலே இருப்பதால் இந்தக் குழப்பம் எழவே எழாது. அடிக்கடி செங்குத்தான கோணங்களோடு வேலை செய்பவர் இதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

விலை குறைவாக வேண்டுமென்றால் ரீட்ஸ் வகை இருக்கிறது. 1902இல் தோன்றிய இந்த ஒருபக்க ரூலில் சைன், சிறுகோணம், டேஞ்சன்ட் மூன்றும் நடுப்பட்டையின் பின்புறத்தில் இருக்கும். சட்டத்தின் அடியில் வெட்டப்பட்ட சிறு சாளரத்தின் வழியாகப் படிக்கலாம். ஒரு மதிப்பைத் தெரிந்துகொள்ள இது போதும். தொடர் கணக்குக்கு நடுப்பட்டையை உருவித் திருப்பிச் செருக வேண்டும். அப்படிச் செருகிவிட்டால் மேலே சொன்ன சைன் விதிக் கணக்கு அதிலும் சரியாகவே வரும். பத்து நாள் பழகிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம் என்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

ஹெம்மி 153 இவை எதிலும் அடங்காத தனிப்பிறவி. அதில் வழக்கமான சைன் ஸ்கேலே கிடையாது. கோண ஸ்கேலுக்கு எதிரே வர்க்கத்துக்கு ஏற்ப இடம் பிரிக்கப்பட்ட ஸ்கேல் இருக்கிறது. அத்தகைய இரண்டு ஸ்கேல்களை அடுத்தடுத்து வைத்தால் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் நேராகக் கிடைக்கும். 80 முதல் 90 பாகை வரை 7.5 மி.மீ. இடம் கிடைப்பதும் இதனால்தான். அதே காரணத்தால் சைனை வேறொரு எண்ணோடு தொடர்ச்சியாகப் பெருக்க முடியாது. வியந்து பார்க்க வேண்டிய கருவி, ஆனால் முதல் ரூலாக வாங்க வேண்டியதல்ல.

மூன்றாவது கேள்வி, கோணத்தின் அலகு. இதில் நான் ஏமாந்திருக்கிறேன். இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய ஜெர்மன் ரூல் வந்த அன்று மாலை, வழக்கம்போல 30இல் மயிர்க்கோட்டை வைத்து 0.5ஐ எதிர்பார்த்தேன், 0.454 என்று காட்டியது. கர்சர் கோணிவிட்டது என்று நினைத்துத் திருகுகளைத் தளர்த்தி அரை மணி நேரம் போராடிய பிறகுதான் சைன் ஸ்கேலின் வலது முனையில் 90க்குப் பதில் 100 என்று இருப்பது கண்ணில் பட்டது. செங்கோணத்தை 100 பாகமாகப் பிரிக்கும் ஐரோப்பிய நில அளவையாளர்களின் கிரேடு ரூல் அது. அதில் 30 என்பது நமது 27 பாகை. விற்றவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. படத்தில் வலது முனையையும் பார்த்திருக்க வேண்டியது என் பொறுப்பு.

பாகையிலேயே தசமப் பிரிவு, நிமிடப் பிரிவு என்று இரண்டு உண்டு. கெஃபல் அண்ட் எஸ்ஸரின் 4080-3 நிமிடங்களில் பிரிக்கப்பட்டது. 4081-3 தசமத்தில் பிரிக்கப்பட்டது. தோற்றத்தில் இரண்டும் இரட்டையர். நில அளவையில் கோணம் அளக்கும் தியோடலைட்டில் பாகையும் நிமிடமுமாகப் படித்து அப்படியே கணக்கிடுபவருக்கு முதலாவது, இயற்பியல், மின்னியல் கணக்குகளுக்கு இரண்டாவது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது ஆபத்து: 20க்கும் 21க்கும் நடுவில் உள்ள கோடு ஒன்றில் 20.5, மற்றொன்றில் 20 பாகை 30 நிமிடம் என்பதைக் கை மறந்துபோய் 20 பாகை 50 நிமிடம் என்று எழுதிவிடும்.

செய்பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டியது நம் ஊர்க் காற்றுக்காகத்தான். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் மர ரூல் மழைக்காலத்தில் உப்பி நடுப்பட்டை இறுகிவிடுவதுண்டு. மூங்கில் ஈரத்தை அந்த அளவுக்குப் பொருட்படுத்துவதில்லை, எண்ணெய் இல்லாமலே வழுக்கி ஓடும். எனவே இந்தத் தட்பவெப்பத்தில் என் ஓட்டு மூங்கிலுக்கே. அலுமினியம் உப்பாது, ஆனால் வழுக்குப் பொருள் இல்லாவிட்டால் அராவும் சத்தத்தோடு நகரும். பிளாஸ்டிக் ரூலை மே மாத வெயிலில் காரின் முன் கண்ணாடிக்கு அடியில் விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது வளைந்திருக்கும்.

நீளத்தில் 25 செ.மீ.தான் இயல்பான தேர்வு. அப்பல்லோ பயணங்களில் கொண்டுபோகப்பட்டதால் புகழ்பெற்று, அதனாலேயே விலை ஏறிய பிக்கெட் என்600 இதில் பாதி நீளமுள்ளது. பிழைகள் எல்லாமே இருமடங்காகும். வட்ட ரூல்களின் துல்லியம் வட்டத்தின் அளவைப் பொறுத்தது. பாக்கெட் கடிகாரம் போன்ற சோவியத் கே.எல்.-1இல் சைனும், சுருளாகச் சுற்றிய டேஞ்சன்ட்டும் இருக்கின்றன. முனைக்கோடு வெளியே ஓடிப்போகும் தொல்லை வட்டத்தில் கிடையாது. ஆனால் வட்டத்தின் உள்வளையத்துக்குப் போகப்போக ஸ்கேலின் நீளம் குறைந்துகொண்டே வரும் என்பதை எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். 50 செ.மீ. ரூல் மேசையை விட்டு நகராதவர்களுக்கு.

எந்த வகையை வாங்கினாலும், பணம் கொடுப்பதற்கு முன் நடுப்பட்டையை முழுவதும் உள்ளே தள்ளிய நிலையில் இரண்டு பக்கங்களையும் இரண்டு முனைகளையும் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘சி’யும் ‘டி’யும் இரு முனைகளிலும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். கைக்கு வந்ததும் சைன் 30ஐ 0.5இலும், டேஞ்சன்ட் 26 பாகை 34 நிமிடத்தை அதே 0.5இலும், டேஞ்சன்ட் 45ஐ வலது முனைக்கோட்டிலும் சரிபாருங்கள். இருபக்க ரூலில் ஒரு பக்கம் மயிர்க்கோட்டை முனைக்கோட்டில் வைத்து ரூலைத் திருப்பிப் பார்த்தால், மறுபக்கத்திலும் அது முனைக்கோட்டிலேயே நிற்க வேண்டும். தலைமுடி அளவு விலகியிருந்தால் கர்சரின் திருகுகளை லேசாகத் தளர்த்திச் சரிசெய்துவிடலாம், முழுதாகக் கழற்ற வேண்டாம்.